தூக்காமல் எடுக்கும் படம்

சூவோன், தென்கொரியா
11 செப்டம்பர் 2024

கிருபாசங்கருக்கு,

இங்கே வந்து எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் ‘ஏனுங்க’ என்றுதான் ஆரம்பித்தேன். எழுத்தில் பார்த்தபோது பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுந்ததா என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதனால்தான் தபால். அன்னூர் போய்ச் சேர மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். அந்த மூன்று வாரமாவது நீங்கள் ஏன் பதில் போடவில்லை என்று நான் நினைக்க வேண்டியதில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஊர் அரிசி ஒட்டிக்கொள்கிறது. ரசம் ஊற்றினால் கட்டியாகவே மிதக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள். யாரும் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

இங்கே என்ன வேலை என்று நீங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் நான் முனைவர் பட்டத்துக்குச் செய்தது ஈயம் கலந்த பெரோவ்ஸ்கைட், சோலார் தகட்டுக்காக. பெரோவ்ஸ்கைட் என்றால் அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கி உட்காரும் விதம் என்று தக்காளிப் பெட்டியை வைத்து உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். இங்கே அதே அடுக்கை உலோகமே இல்லாமல் செய்கிறோம். ஈயம் உட்காரும் இடத்தில் அம்மோனியம் உட்காருகிறது. அந்தப் பொடியை ரப்பர் போன்ற பிசினில் குழைத்துப் பரப்பினால் காய்ந்த பிறகு துணி மாதிரி வளைகிறது. அதன்மேல் எக்ஸ்ரே பட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் எழும். அதைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்தால் படம்.

இன்குபேட்டர் மெத்தைக்குள் விரித்து வைக்கத்தான் இதெல்லாம். குறைமாதக் குழந்தையைத் தூக்கி, அடியில் எக்ஸ்ரே தகட்டைச் செருக வேண்டியிருக்காது. படுத்த இடத்திலேயே படம் எடுத்துவிடலாம். நம் குழந்தையின் முதுகில் தகட்டின் விளிம்பு பதிந்த சிவப்புக் கோட்டை நான் பார்த்தேன். அந்தக் கோடுதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

ஆகஸ்ட் பதினேழோடு இரண்டு வருடம் முடிந்தது. அன்று இங்கே நல்ல மழை. நான் வேலைக்குப் போனேன்.

நீங்கள் ஏர்போர்ட்டுக்கு வராததை மறந்துவிட்டேன். அடக்கம் முடிந்து வந்த அன்று வாசலில் உங்கள் அம்மா சொன்னதை மறக்கவில்லை. “மருந்து நாத்தத்துக்குள்ளயே நின்னுக்கிட்டிருந்தா வயித்துல இருக்கறது எப்படித் தங்கும்?” மாமன், அத்தை, உங்கள் தங்கை அக்ஷயா எல்லோரும் இருந்தார்கள். நீங்கள் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு நின்றீர்கள். காலைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

முடிந்தால் பதில் எழுதுங்கள்.

மௌனிகா


அன்னூர்
7 அக்டோபர் 2024

மௌனிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேற்றுத்தான் வந்தது.

எனக்கு இந்த அளவு எழுத வராது. எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு எழுதுகிற வேலை என்ன இருக்கிறது. பெயர், வயது, இடதா வலதா, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டேன். நீ போன மறுமாதமே. இப்போது அன்னூரிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். வருவதெல்லாம் முழங்கால், இடுப்பு, தோட்டத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தவர்கள். “கொஞ்சம் அசையாம இருங்க” என்றால் இருப்பார்கள். எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நானே படம் எடுத்தேன். தேய்ந்துவிட்டது. மழை ஆரம்பித்துவிட்டது. உன் புத்தகப் பெட்டிகளை மேலே பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன், நனையவில்லை.

உன் வேலையைப் பற்றி ஒன்று கேட்கலாமா என்று தெரியவில்லை. உலோகமே இல்லாத பொருள் எக்ஸ்ரேயை எப்படிப் பிடித்து நிறுத்தும்? எடை குறைந்த அணுக்கள் என்றால் கதிர் நேராகக் கடந்து போய்விடுமே. அதனால்தானே எங்களுக்கு ஈய ஏப்ரன் கொடுக்கிறார்கள். தெரிந்துகொள்ளக் கேட்டேன், குறை சொல்வதற்கு இல்லை.

அம்மா சொன்னதற்கு நான் என்ன சொல்வது. அவர்கள் அந்தக் காலத்து ஆள். அன்று யாருக்கும் நிதானம் இல்லை.

குழந்தையைப் பற்றி எனக்கு எழுதாதே. முதுகில் கோடு இருந்தது பற்றியும் எழுதாதே. அந்தப் படங்களை எல்லாம் என்னோடு வேலை பார்த்த தீபக்தான் எடுத்தான். அவனிடம் கேட்க இப்போது என்ன இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் தொடங்குமுன் நல்ல கோட்டு வாங்கிக்கொள்.

கிருபா


சூவோன்
5 நவம்பர் 2024

கிருபா,

கோட்டு வாங்கிவிட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்வி இங்கே எங்களை ஆறு மாதமாகத் தூங்கவிடாத கேள்வி. தெரியாமல் கேட்டதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரிகிறது. எடை குறைந்த பொருள் எக்ஸ்ரேயை எளிதில் விட்டுவிடும், உண்மைதான். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அயோடின் சேர்ப்பது. அது உலோகம் இல்லை, ஆனால் கனமானது. இன்னொன்று, படலத்தைத் தடிமனாக்குவது. தடிமன் கூடினால் உள்ளே எழும் மின்னோட்டம் வழியிலேயே தொலைகிறது. வளைவதும் குறைகிறது. பெரியவர்கள் நெஞ்சுக்கு இது இன்னும் போதாது. ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு மெல்லிய கதிர் போதும் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

போன வாரம் முதல் படம் வந்தது. உள்ளங்கை நீள மீன், கடையில் வாங்கியது. எங்களிடம் இருப்பது கதிரை உணரும் ஒரே ஒரு புள்ளி. அதன் மேல் மீனை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் படம் எடுத்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. முதுகெலும்பு தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எந்தக் குழந்தை நாற்பது நிமிடம் அசையாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். இன்னும் பத்து வருடம் ஆகலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

குழந்தையைப் பற்றி எழுதாதே என்கிறீர்கள். வேறு யாருக்கு எழுதுவேன்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. கோயம்புத்தூரில் அவள் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதம் முடியும்வரை நான் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கரைப்பானின் பெயர் டி.எம்.எஃப். கர்ப்பிணிகள் கிட்டேயே போகக்கூடாது என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டேன். காற்றை இழுக்கும் கூண்டுக்குள் வைத்துத்தான் கலக்கினேன். ஜூன் மாதம் மூன்று நாள் அந்தக் கூண்டின் மோட்டார் ஓடவில்லை. ஓடாதது தெரிந்தும் வேலை செய்தேன். ஆய்வேட்டை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

என் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்தார்கள், இயல்பான அளவுதான் என்றார் குழந்தைப் பிரிவு டாக்டர் வரதராஜுலு. நான் நம்பவில்லை. உங்கள் அம்மா வாசலில் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை, கிருபா. வெளியே யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பயம்தான் வந்தது. நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் நானும் கொஞ்சம் மறுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் பேசாமல் நின்றதும், உங்களுக்கும் அதுதான் எண்ணம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் அந்த மூன்று நாளை எண்ணுகிறேன். செவ்வாய், புதன், வியாழன். ஈயம் வேண்டாம், எந்த உலோகமும் வேண்டாம் என்று நான் இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பது அறிவியல் இல்லை. எந்தத் தாயின் அருகிலும் வைக்கக்கூடிய ஒன்றை என் கையால் செய்துவிட்டால் அந்த மூன்று நாளில் ஒரு நாளாவது குறையும் என்ற நப்பாசை.

பெண்ணைக் கொன்றவள் நான்தான் என்று நீங்களும் நினைத்தால் அதை எழுதிவிடுங்கள். நினைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மௌனிகா


அன்னூர்
1 டிசம்பர் 2024

மௌனி,

நீ இல்லை. நான்.

இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

தீபக் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பத்தொன்பது நாளில் அவளுக்குப் பதினொரு படம். பதினொன்றும் நான் எடுத்தது. சொந்தக் குழந்தைக்கு எடுக்காதே என்று தீபக் சொன்னான். வேறு ஒருவன் அவளைத் தூக்குவதை என்னால் பார்க்க முடியாது என்றேன். உன்னிடம் தீபக் என்று சொன்னது, நீ என்னிடம் படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

பதினேழாம் நாள், காலை பத்து மணி இருக்கும். மூச்சுக் குழாய்க்குள் ட்யூப் போட்டு மெஷினில் இருந்தாள். படம் எடுக்கும்போது ட்யூபை வாயருகே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். சிஸ்டர் பூஜிதா பிடித்துக்கொண்டிருந்தார். எதிர் இன்குபேட்டரில் அலாரம் அடித்தது. “ஒரு நிமிஷம் இருங்கண்ணா, வந்துடறேன்” என்று போனார். எனக்கு இன்னும் ஏழு பேர் படம் பாக்கி. பத்து முறை எடுத்திருக்கிறேனே என்று நினைத்தேன். ஒரு கையால் அவளைத் தூக்கி இன்னொரு கையால் தகட்டைச் செருகினேன்.

படம் கம்ப்யூட்டரில் வந்தபோதுதான் பார்த்தேன். ட்யூபின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மேலே வந்துவிட்டிருந்தது. நான் ஓடினேன். அதற்குள் அவள் நிறம் மாறியிருந்தது. டாக்டர் வந்து மறுபடி போட்டார். நான்கு நிமிடம் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. அன்று மாலை தலைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. ‘எக்ஸ்ரேயின்போது ட்யூப் நழுவியது’ என்று ஒரு வரி எழுதினார்கள். யார் கையால் என்று எழுதவில்லை.

அம்மா உன்னைச் சொன்னபோது நான் குழாயடியில் நின்றேன். வாயைத் திறந்தால் இது வெளியே வந்துவிடும் என்று தெரிந்தது. அதனால் திறக்கவில்லை. உனக்குள் இப்படி ஒரு மூன்று நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் தெரியவில்லை.

கிருபா


சூவோன்
4 பிப்ரவரி 2025

உங்கள் கடிதம் டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. இத்தனை நாள் பதில் எழுதாதது உங்களைத் தண்டிக்க இல்லை. நான் வேலைக்குப் போகவில்லை. பதினோரு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு போனேன். வேறு போக்கிடம் இல்லை.

ட்யூப் நழுவியதற்காக உங்கள் மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. பத்து முறை சரியாகச் செய்த கை. அவளை வேறு யாரும் தொடக்கூடாது என்று நினைத்த கை. அந்த ஒரு நிமிடம் நீங்கள் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. நானும் மோட்டார் ஓடாத மூன்று நாள் காத்திருக்கவில்லை. அதில் உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதற்குப் பிறகு உள்ளதற்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதம். அதில் ஒன்றரை வருடம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு. நான் சமையலறையில் சோப்பு போட்டுப் போட்டுக் கையைக் கழுவுவேன், நினைவிருக்கிறதா? தோல் உரிந்து ரத்தம் வந்தது. நீங்கள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டீர்கள். ஏன் இப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அன்று அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டே சொல்லியிருக்கலாம், கிருபா. அந்த ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

குறைமாதத்தில் பிறந்ததற்கு நான் காரணமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் பிறந்தது முதல் போனது வரை எல்லாமே என்னால் என்று தனியாகச் சுமந்தேன். பாதியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு நான் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மன்னிப்பு கேட்டு எழுதாதீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எந்த வாசலில் எல்லோரும் இருக்கும்போது அது சொல்லப்பட்டதோ, அதே வாசலில், அதே ஆட்கள் இருக்கும்போது இதையும் சொல்லுங்கள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

மௌனிகா


அன்னூர்
16 மார்ச் 2025

மௌனி,

சொல்லிவிட்டேன்.

காரமடைத் தேருக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். காளிச்சாமி மாமன், அத்தை, அக்ஷயா, மாப்பிள்ளை. தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்ஷயா எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமன்தான் ஆரம்பித்தார். “ஏங் கண்ணு, அந்த அம்மணி வரவே மாட்டேங்குதா? வயசு போகுதல்ல, ஒரு முடிவு பண்ணோணுமல்ல” என்றார். அம்மா, “அவ வந்து என்ன பண்ணப் போறா” என்றார்கள்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை.

“அன்னைக்கு ட்யூப் நழுவுனது என் கையாலதானுங்க மாமா. கொழந்தையைத் தூக்குனவன் நான். அவ மருந்துல நின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. எனக்குத் தெரிஞ்சே இத்தனை நாளா பேசாம இருந்துபோட்டேன்.”

இவ்வளவுதான் சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வரவில்லை.

மாமன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அக்ஷயா அழுதாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, “ஏன்டா, நான் அந்தப் புள்ளையைப் பேசிப் பேசி வதைச்சுப்போட்டனே. நீ பார்த்துக்கிட்டா நின்னே?” என்று கேட்டார்கள்.

“ஆமாங்கம்மா” என்றேன்.

எழுந்து உள்ளே போனவர்கள் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். முழங்கால் வலியோடு அந்தக் கிணற்று மேடுவரை நடந்து போய் உட்கார்ந்திருப்பார்கள். நேற்றுத்தான் வந்து நான் எழுதுகிற மேசை பக்கத்தில் நின்றார்கள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவளுக்கு எழுதறயா? நான் சொன்னது தப்புன்னு எழுது. மன்னிச்சுக்கோணும்னு எழுதாதே. அது அவ இஷ்டம்.”

கோயம்புத்தூர் போய் டாக்டர் வரதராஜுலுவையும் பார்த்தேன். அவரிடமும் சொன்னேன், யார் கை என்று. தெரியும் என்றார். அன்றே தெரியுமாம். “நீங்க கேட்க வந்தது எனக்குப் புரியுதுங்க. ட்யூப் நழுவாம இருந்திருந்தாலும் அந்த ரத்தக்கசிவு வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க” என்றார். நீ சீக்கிரம் பிரசவித்ததற்கும் அதே பதில்தான் சொன்னார். வெளியே வரும்போது, இதை அப்போதே என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே என்றார். எல்லோரும் இதையே சொல்கிறீர்கள்.

மன்னிப்பு கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ திரும்பி வருவாயா?

கிருபா


சூவோன்
12 ஏப்ரல் 2025

கிருபா,

படித்தேன். மேசை பக்கத்தில் நின்று அத்தை சொன்னதை மட்டும் பல முறை படித்தேன். அவர்களிடம் சொல்லுங்கள், கடிதம் வந்துவிட்டது என்று. இப்போதைக்கு அது போதும்.

வரமாட்டேன். எங்கள் வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள், அது காரணம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால், இவருக்கு இப்போது உள்ளே என்ன இருக்கிறது, எதைச் சொல்லாமல் இருக்கிறார் என்றுதான் தேடுவேன். அப்படி ஒரு மனுஷி உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். விவாகரத்துப் பத்திரம் எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன். அனுப்பாவிட்டாலும் சரி. உங்கள் மேல் எனக்கு இப்போது வெறுப்பு இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இனி வேலை விஷயம். ஒரு புள்ளியிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளுக்கு வந்துவிட்டோம். படலம் உள்ளங்கை அளவு. ஈரப்பதம் ஏறினால் இன்னும் மின்னோட்டம் தள்ளாடுகிறது. இன்குபேட்டருக்குள்ளோ எப்போதும் ஈரம். மேலே உறை போட்டுப் பார்க்கிறோம். மெத்தையின் வடிவத்தை இப்போதே வரைந்துவிட வேண்டும் என்கிறார்கள். போன வாரம் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து தூக்கிப் பழகினார்கள். எல்லோரும் என்ஜினீயர்கள். தலையணையைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

இந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் நூற்றுக்கணக்கான குறைமாதக் குழந்தைகளைத் தூக்கியவர். எங்கே தொடுவீர்கள், எந்த விரல் எங்கே இருக்கும், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், எங்கே தவறும், எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். மொழிபெயர்த்து அவர்களுக்குக் கொடுக்கிறேன். நம் குழந்தையைப் பற்றி எழுத வேண்டாம். பொதுவாக எழுதுங்கள்.

மௌனிகா


அன்னூர்
4 மே 2025

மௌனி,

நீ வரமாட்டாய் என்பதைப் படித்துக்கொண்டேன். பத்திரம் அனுப்பமாட்டேன். நீ அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன்.

கேட்டதை எழுதுகிறேன். உங்கள் என்ஜினீயர்களுக்குப் புரியும்படி மாற்றிக்கொள்.

முதலில் கை. கழுவினால் கை குளிர்ந்துவிடும். நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் இன்குபேட்டரின் வட்டக் கதவுக்குள் விட வேண்டும். விட்டதும் தூக்கக் கூடாது. ஒரு உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, இன்னொன்றைப் பாதத்தின்மேல் வைத்துச் சும்மா இருக்க வேண்டும். திடீரென்று தொட்டால் இரண்டு கையையும் விரித்துப் பதறும். அந்தப் பதற்றம் அடங்க அரை நிமிடமாவது ஆகும். அவசரத்தில் யாரும் அந்த அரை நிமிடம் கொடுப்பதில்லை.

ட்யூபைப் பிடிப்பவர் வேறு எதையும் செய்யக்கூடாது. உதட்டோரத்தில் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ விரலும் அந்தப் பக்கம் போக வேண்டும். தலை கொஞ்சம் நிமிர்ந்தாலே உள்ளே ட்யூப் மேலே ஏறிவிடும். வெளியே பிளாஸ்திரி ஒட்டியபடியே இருக்கும், உள்ளே நகர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தூக்கும்போது தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். கழுத்துக்கு அடியில் இரண்டு விரல். எழுப்புகிற உயரம் ஐந்து சென்டிமீட்டர், அதிகம் போனால் ஆறு. அந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. மெத்தைக்கு அடியில் தகடு வைக்கத் தட்டு இருக்கிற இன்குபேட்டர்கள் உண்டு. படம் மங்கலாக வருகிறது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் அதைப் பயன்படுத்தவில்லை. தகட்டுக்குத் துணி சுற்றினாலும் விளிம்பு உறுத்தும், குளிரும். உங்கள் படலத்தில் விளிம்பே இருக்கக்கூடாது. மடிப்பு விழக்கூடாது. குழந்தை கிடக்கிற இடத்தில் ஒயர் வரக்கூடாது, எல்லாம் கால்மாட்டில் போகட்டும். ஈரம் ஏறினால் தள்ளாடும் என்றாய். முக்கியமானது அதுதான். மங்கலான படம் வந்தால் இன்னொரு முறை எடுக்கச் சொல்வார்கள். ஒரே முறையில் வர வேண்டும்.

தூக்கியதிலிருந்து படம் எடுக்கும் வரை நாற்பது விநாடி. நான் எண்ணிக்கொண்டே செய்வேன்.

பொதுவாக எழுதச் சொன்னாய். இதுவரை பொதுவாகத்தான் எழுதினேன். இதற்குக் கீழே உள்ளதை அவர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டாம்.

அவள் எடை தொள்ளாயிரத்து இருபது கிராம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, உள்ளே துடிப்பதுதான் தெரியும். உள்ளங்கை முழுக்கத் துடிக்கும். தலையில் கை வைத்ததும் மற்றக் குழந்தைகள் பதறுவதுபோல் அவள் முதல் இரண்டு படத்துக்கு மட்டும்தான் பதறினாள். மூன்றாம் படத்திலிருந்து பதறவில்லை. என் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவத்தில் அப்படி ஒன்றும் இல்லை, தெரியும். வலது காதின் மேல் மடிப்பு ஒட்டியே இருந்தது, பதின்மூன்றாம் நாள்தான் விரிந்தது. தூக்கும்போது இடது காலை முதலில் நீட்டுவாள். நெற்றியைச் சுருக்குவாள், நீ கணக்குப் போடும்போது சுருக்குவதுபோல. ஒன்பதாம் படம் எடுக்கும்போது என் சுண்டு விரலை அவள் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ள மனமில்லாமல் இடது கையாலேயே பட்டனை அழுத்தினேன். அந்தப் படத்தில் ஓரமாக என் விரல் எலும்பும் விழுந்திருக்கிறது.

உன்னைச் சரியாகத் தொடக்கூட விடவில்லை. கதவுக்குள் ஒரு விரலை நீட்டிக் காலைத் தொட்டுவிட்டு வந்தாய், அவ்வளவுதான். தூக்கினால் ஆகாது என்றார்கள். கடைசியில் வெள்ளைத் துணியில் சுற்றி உன் மடியில் வைத்தார்கள். ஐயோ, இப்படிச் சில்லென்று இருக்கிறாளே என்று நீ கேட்டாய். என்னிடம் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை.

பத்தொன்பது நாளில் அவளை உயிரோடு தூக்கிய பாக்கியம் எனக்கு மட்டும் கிடைத்தது. பதினொரு முறை. இதையும் உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன், அது இன்றுதான் எனக்கே உறைத்தது.

சூடாக இருப்பாள், மௌனி. இன்குபேட்டருக்குள் கையை விட்டு எடுத்தால் அப்போதுதான் வடித்த சோற்றைக் கையில் ஏந்தியது போல இருக்கும். பதினொரு முறையும் அப்படித்தான் இருந்தாள்.

கிருபா